முகம் ஒன்று, நடை வேறு

இமாட்டினிப் என்ற மாத்திரைக்கு 2001 மே மாதம் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புதல் கொடுத்தது. நாள்பட்ட மைலாய்டு லுக்கேமியா என்னும் இரத்தப் புற்றுநோய்க்கு அதற்கு முன்பு எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையும் இன்டர்ஃபெரான் ஊசியும்தான் பெரிய துணை. முதலாவது எல்லோருக்கும் வாய்க்காது; இரண்டாவது உடம்பை வாட்டி எடுத்துவிடும். மாத்திரை வந்தபின் நோயாளிகள் வேலைக்குப் போனார்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வைத்தார்கள், சர்க்கரை நோயோடு வாழ்வதுபோல இதனோடும் வாழப் பழகினார்கள். மருந்தின் வெற்றியில் யாருக்கும் ஐயம் இல்லை. ஆனால் அந்த மூலக்கூறு ஏபிள் என்ற புரதத்தை இறுகப் பிடிக்கிறது. அதன் நெருங்கிய உறவான சார்க் என்ற புரதத்தை ஏறக்குறைய தொடாமலே விடுகிறது. ஏன் என்ற கேள்வி ஒப்புதலுக்குப் பிறகும் பத்தாண்டுகளுக்கு மேல் விடை இல்லாமல் கிடந்தது.

அந்தக் கேள்வியின் விளைவு நோயாளியின் உடம்பில் தெரியும். பழைய கீமோ மருந்துகள் வேகமாகப் பெருகும் எந்தச் செல்லையும் விட்டுவைப்பதில்லை. முடி கொட்டுவதும், வாய் புண்ணாவதும், குடல் கலங்குவதும் அதனால்தான். அடுத்த தலைமுறை மருந்துகள் புற்றுநோயை முடுக்கிவிடும் புரதம் எதுவோ அதை மட்டும் குறிவைக்க வந்தவை. குறி தப்பினால் பக்கத்தில் இருக்கும் நல்ல புரதம் அடிபடும். இதயமோ இரத்தக்குழாயோ சிறுநீரகமோ விலை கொடுக்கும். ஆள் அறிந்து பிடிக்கும் மருந்தைச் செய்வது எப்படி என்பதே கடந்த கால் நூற்றாண்டின் புற்றுநோய் மருந்தியலில் நடுநாயகமான கேள்வி. கணினி அதில் செய்த உதவி பலரும் நினைப்பதிலிருந்து வேறானது.

ஏபிளும் சார்க்கும் கைனேஸ் குடும்பத்தைச் சேர்ந்தவை. செல்லுக்குள் சுவிட்சு போடுகிற வேலை இவற்றுடையது. ஏ.டி.பி. என்ற மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்ஃபேட்டைக் கழற்றி இன்னொரு புரதத்தின்மேல் ஒட்டிவிடும். ஒட்டியதும் அந்தப் புரதம் விழித்துக்கொண்டு தன் வேலையைத் தொடங்கும். மனித மரபணுத் தொகுதியில் இப்படிப்பட்டவை 518 என்று 2002இல் கணக்கெடுத்தார்கள். எல்லாமே ஏ.டி.பி.யைப் பிடிக்க வேண்டியிருப்பதால், பிடிக்கும் குழி எல்லாவற்றிலும் ஏறத்தாழ ஒரே அச்சு. ஒரே கொல்லன் அடித்த 518 பூட்டுகள் போல. கைனேஸைத் தடுக்கும் மருந்துகளில் பெரும்பாலானவை அந்தக் குழியில்தான் போய் உட்காருகின்றன.

லுக்கேமியாவில் நடப்பது இது. 1960இல் பிலடெல்ஃபியா நகரில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்டு இருவரும் இந்த நோயாளிகளின் செல்களில் வழக்கத்தைவிடச் சிறிய ஒரு குரோமோசோமைக் கண்டார்கள். அது 9ஆம், 22ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்டதால் வந்தது என்று 1973இல் ஜேனட் ரௌலி காட்டினார். அந்த ஒட்டில் ஏபிள் மரபணு பிசிஆர் என்ற வேறொரு மரபணுவோடு இணைந்துவிடுகிறது. பிறக்கிற இணைப்புப் புரதம் அணைக்க முடியாத சுவிட்சு. அதை அணைக்கும் மூலக்கூறை சுவிட்சர்லாந்தின் சீபா-கைகி நிறுவனத்தில் நிக்கோலஸ் லைடனும் யூர்க் சிம்மர்மனும் உருவாக்க, ஓரிகானில் பிரையன் ட்ரூக்கர் நோயாளிகளிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். 1998இல் முதல் நோயாளிக்குக் கொடுக்கப்பட்டது.

2000ஆம் ஆண்டில் ஜான் குரியனின் குழு ஏபிள் புரதத்தை இந்த மருந்தின் நெருங்கிய வடிவத்தோடு படிகமாக்கி, எக்ஸ்-கதிர் கொண்டு அணு அணுவாகப் படம் எடுத்தது. படத்தில் ஒரு வியப்பு இருந்தது. மருந்து பிடித்திருந்தது அணைந்த நிலையில் இருந்த ஏபிளை. குழியின் வாசலில் ஆஸ்பார்ட்டேட், ஃபீனைல்அலனின், கிளைசின் என்று அடுத்தடுத்து நிற்கும் மூன்று அமினோ அமிலங்கள் வெளிப்பக்கமாகப் புரண்டிருந்தன; அவை விட்ட இடத்தில் மருந்தின் வால் நுழைந்திருந்தது. வேலை செய்யும்போது எல்லாக் கைனேஸும் ஒரே கோலத்தில் நிற்கும், ஓய்வில் ஒவ்வொன்றும் தன் விருப்பப்படி கிடக்கும். ஏபிள் கிடக்கும் கோலம் சார்க்குக்கு வராது, ஆகவே மருந்து சார்க்கைப் பிடிக்கவில்லை. இந்த விளக்கம் மனதுக்கு நிறைவாக இருந்தது, பாடப்புத்தகங்களிலும் ஏறியது.

2007இல் அதே குரியன், சீலிகர் உள்ளிட்ட சகாக்களோடு சார்க்கையும் இமாட்டினிப்போடு படிகமாக்கினார். சார்க்கும் அதே கோலத்தில் புரண்டு கொடுத்திருந்தது. மருந்து அதே இடத்தில், அதே மாதிரி உட்கார்ந்திருந்தது. மருந்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் அமினோ அமிலங்கள்கூட ஏறக்குறைய அவையேதான். இவ்வளவு ஒற்றுமை இருந்தும் ஏபிளை இமாட்டினிப் சார்க்கைவிட ஏறத்தாழ 3000 மடங்கு இறுக்கமாகப் பிடிக்கிறது.

இந்த 3000 மடங்கை ஆற்றலாக மாற்றிப் பார்த்தால் சங்கதி இன்னும் கூர்மையாகும். உடல் வெப்பநிலையை ஒட்டிய சூழலில் பிடிப்பு 10 மடங்கு கூடுவதற்கு மோலுக்கு ஏறத்தாழ 1.4 கிலோகலோரி போதும். அப்படியானால் 3000 மடங்குக்கு ஐந்து கிலோகலோரிக்குக் கொஞ்சம் குறைவு. ஓரிரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகளின் பெறுமானம், அவ்வளவுதான். ஆயிரக்கணக்கான அணுக்கள் உள்ள புரதத்தில், அதைச் சூழ்ந்த இன்னும் பல ஆயிரம் நீர் மூலக்கூறுகளுக்கு நடுவே, இந்தச் சிறு வேறுபாடு எங்கே ஒளிந்திருக்கிறது? நிலைத்த படத்தை எவ்வளவு நேரம் பார்த்தாலும் தெரியாது.

விடை பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் டோரொத்தி கெர்னின் ஆய்வகத்திலிருந்து 2014, 2015 ஆண்டுகளில் வந்தது. மருந்து குழிக்குள் நுழையும் கட்டம் வரை ஏபிளுக்கும் சார்க்குக்கும் பெரிய வேறுபாடு இல்லை. நுழைந்த பிறகுதான் இரண்டும் பிரிகின்றன. ஏபிள் மெதுவாகத் தன் உருவை மாற்றி மருந்தின்மேல் மூடிக்கொள்கிறது. சார்க்கில் அந்த மூடல் நிலைப்பதில்லை. இதை உறுதிசெய்ய அவர்கள் செய்த வேலை எனக்கு மிகவும் பிடித்தது. இன்று உயிரினங்களில் இருக்கும் கைனேஸ் வரிசைகளைக் கணினியில் ஒப்பிட்டு, ஏபிளுக்கும் சார்க்குக்கும் பொதுவான மூதாதைப் புரதம் எப்படி இருந்திருக்கும் என்று கணித்தார்கள். நூறு கோடி ஆண்டுகளுக்கு முந்தைய அந்தப் புரதத்தை ஆய்வகத்தில் உண்மையாகவே உண்டாக்கி, அதன்மேல் இமாட்டினிப்பைச் சோதித்தார்கள். மூதாதையின் பிடிப்பு இரண்டுக்கும் இடைப்பட்டதாக இருந்தது. அங்கிருந்து ஒரு கிளை ஏபிளை நோக்கி வரும் வழியில் எந்தெந்த மாற்றங்கள் மூடலை உறுதியாக்கின என்று ஒவ்வொன்றாகப் பிடித்தார்கள். முக்கியமான பல மாற்றங்கள் மருந்தைத் தொடாத இடங்களில் இருந்தன.

என் கருத்தில் இந்தத் துறையின் சாரம் இதுதான். உறவுப் புரதங்களின் முகம் ஒன்றாக இருக்கலாம். நடை வேறாக இருக்கும். பூட்டும் சாவியும் என்று 1894இல் எமில் ஃபிஷர் தந்த உவமையை இன்றும் பள்ளியில் சொல்லிக் கொடுக்கிறோம். அது நொதிகளைப் புரிந்துகொள்ள வழி திறந்தது என்பது உண்மை. ஆள் அறிந்து பிடிக்கும் மருந்தை விளக்க அது போதாது.

புரதச் சங்கிலி எந்தக் கோலத்தில் நிற்கலாம், எதில் நிற்க முடியாது என்ற கேள்வியை முதன்முதலில் முறையாகக் கணக்குப் போட்டுத் தீர்த்தது சென்னையில். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் 1963இல் வெளியிட்ட வரைபடம் இன்று உலகெங்கும் ராமச்சந்திரன் வரைபடம். அணுக்களைக் கெட்டியான உருண்டைகளாகக் கொண்டு, சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் ஃபை, சை என்ற இரு கோணங்களில் திருப்பிப் பார்த்து, எந்தத் திருப்பத்தில் உருண்டைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் என்று கணக்கிட்டார்கள். பெரும்பகுதி இடித்துக்கொள்ளும், சில தீவுகளில் மட்டும் இடம் உண்டு. கிளைசின் மட்டும் விதிவிலக்கு. அதற்குப் பக்கச் சங்கிலி கிடையாது, ஒற்றை ஹைட்ரஜன்தான். ஆகவே மற்ற அமினோ அமிலங்கள் போக முடியாத மூலைகளுக்கும் போகும்.

இந்தக் கிளைசின் ஒன்றின்மேல்தான் இன்னொரு புற்றுநோயின் கதை நிற்கிறது. கேராஸ் என்ற புரதத்தில் 12ஆம் இடத்தில் கிளைசின் இருக்க வேண்டும். கேராஸும் ஒரு சுவிட்சு. அதை அணைக்க வருகிற துணைப் புரதம் தன் விரல் ஒன்றை உள்ளே நீட்டும், அந்த விரல் செல்ல இடம் விட்டு நிற்பது 12ஆம் கிளைசின். அங்கே வேறு அமினோ அமிலம் வந்தால் பெரும்பாலும் அதன் பக்கச் சங்கிலி வழியை அடைக்கும், சுவிட்சு அணையாது. கணையப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 90 சதவீதத்தில் கேராஸ் மாறியிருக்கிறது. மனிதக் கட்டிகளில் ராஸ் மாற்றம் 1982இலேயே தெரிந்தும், முப்பது ஆண்டுகள் இதற்கு மருந்தே செய்ய முடியாது என்றார்கள். மேற்பரப்பு வழவழப்பாக இருந்தது, பிடிமானத்துக்குக் குழி இல்லை. இருந்த ஒரே குழியில் ஜி.டி.பி. மூலக்கூறு விடாப்பிடியாக உட்கார்ந்திருந்தது.

2013இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் கெவன் ஷோகட்டின் குழு கிளைசின் இருந்த இடத்தில் சிஸ்டைன் வந்துவிட்ட கேராஸை எடுத்துக்கொண்டது. சிஸ்டைனில் கந்தகம் உண்டு. பொருத்தமான மூலக்கூறு அருகில் வந்தால் அதனோடு நிரந்தரமாகப் பிணைந்துவிடும். நல்ல கேராஸில் அந்தச் சிஸ்டைன் இல்லை, ஆகவே நல்லதற்கு ஆபத்தும் இல்லை. நோயின் அடையாளமே மருந்தின் பிடிமானம் ஆயிற்று. பிணைந்த மூலக்கூறோடு படிகப் படம் எடுத்தபோது, அதற்கு முன் வந்த எந்தப் படத்திலும் தெரியாத ஒரு பள்ளம் அங்கே திறந்திருந்தது. மருந்து வந்தால் மட்டும் திறக்கும் பள்ளம். சொட்டோராசிப் 2021 மே மாதமும், அடாக்ராசிப் 2022 டிசம்பரிலும் ஒப்புதல் பெற்றன. மகிழ்ச்சியோடு அளவையும் சொல்ல வேண்டும்: ஒப்புதலுக்கு அடிப்படையான சோதனையில் சொட்டோராசிப் எடுத்த நுரையீரல் புற்றுநோயாளிகளில் நூற்றுக்கு 36 பேருக்குத்தான் கட்டி குறிப்பிடத்தக்க அளவு சுருங்கியது, பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் நோய் மறுபடி தலைதூக்கியது. கணையத்தில் பெரும்பாலும் வருவது வேறு மாற்றம், அதில் சிஸ்டைன் இல்லை.

அசைவோடு நீரையும் பார்க்க வேண்டும். உடம்பில் எந்தப் புரதமும் உலர்ந்து நிற்பதில்லை. அர்ஜென்டினாவில் பிறந்து ஹூஸ்டனில் ரைஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஏரியல் ஃபெர்னாண்டஸ் இதை ஒட்டி ஒரு யோசனை சொன்னார். புரதத்தை உள்ளிருந்து கட்டி வைத்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளை நீர் அரித்துவிடாமல் எண்ணெய்த் தன்மையுள்ள அணுத்தொகுதிகள் சுற்றி மறைத்திருக்கும். சில இடங்களில் மறைப்பு போதாது. சுவரில் பூச்சு விட்டுப்போன இடத்தில் ஈரம் ஏறுவது போல, அங்கே நீர் வந்து மோதும். அந்த இடங்களை அவர் டீஹைட்ரான் என்றார். மருந்து மூலக்கூறு அந்த இடத்தைப் பூசி மூடினால் பிடிப்பு கூடும். நெருங்கிய உறவுப் புரதங்களில் குழியின் உருவம் ஒன்றாக இருந்தாலும் பூச்சு விட்டுப்போன இடங்கள் ஒன்றாக இருப்பதில்லை என்பதுதான் இதன் பயன்.

2006இல் இமாட்டினிப் சில நோயாளிகளின் இதயத்தைப் பாதித்ததாக ஒரு ஆய்வு வந்தது. ஏபிளைத் தடுப்பதே காரணம் என்று அது சொன்னது. குடல்சார் ஸ்ட்ரோமல் கட்டி உள்ளவர்களுக்கும் இமாட்டினிப்தான் மருந்து. ஆனால் அவர்களுக்கு அது அடக்க வேண்டியது கிட் என்ற வேறொரு கைனேஸை. ஏபிளைத் தொட வேண்டிய தேவையே இல்லை. கிட்டில் இருக்கிற, ஏபிளில் இல்லாத டீஹைட்ரான் ஒன்றை ஃபெர்னாண்டஸின் குழுவினர் கணக்கிட்டுக் கண்டுபிடித்து, இமாட்டினிப்பில் ஒரே ஒரு மெத்தில் தொகுதியை அதற்கு நேராகச் சேர்த்தார்கள். ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன். 2007இல் வெளியான அந்த ஆய்வில் புதிய மூலக்கூறு கிட்டைப் பிடித்தது, ஏபிளை விட்டது. எலிகளில் கட்டியை அடக்கியது, இதயத்தைப் பழையதைவிடக் குறைவாகப் பாதித்தது. ஆனால் அது மருந்துக்கடைக்கு வரவில்லை. பின்னர் நிறைய நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்ததில் இமாட்டினிப்பால் இதயம் பழுதாவது அரிது என்றும் தெரிந்தது. ஆனாலும் ஒரு மெத்தில் தொகுதியை எங்கே வைப்பது என்று கணக்குப் போட்டு முடிவு செய்யலாம் என்று காட்டியதற்காக அந்த வேலையை நான் மதிக்கிறேன்.

உருவத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்குப் பொனாட்டினிப் சாட்சி. ஏபிளின் 315ஆம் இடத்தில் இருக்கும் திரியோனைன் ஐசோலூசினாக மாறினால் இமாட்டினிப் தோற்றுவிடும். அது பற்றிக்கொண்ட ஹைட்ரஜன் பிணைப்பு போய்விடுகிறது, பருத்த பக்கச் சங்கிலியும் குறுக்கே நிற்கிறது. பொனாட்டினிப்பின் நடுவில் கார்பன்களுக்கு இடையே ஒரு முப்பிணைப்பு வைத்தார்கள். ஊசிபோல் மெலிந்த அந்தப் பகுதி ஐசோலூசினின் பக்கவாட்டில் நழுவிச் செல்லும். அழகான வடிவமைப்பு. 2012 டிசம்பரில் ஒப்புதல் கிடைத்தது. ஆனால் இப்படி எதையும் நழுவிக் கடக்கும் மூலக்கூறு வேறு பல கைனேஸ்களுக்குள்ளும் நுழைந்தது. இரத்தக்குழாய் அடைப்பு, மாரடைப்பு, பக்கவாதம் என்று செய்திகள் வர, 2013 அக்டோபரில் அமெரிக்காவில் விற்பனை நிறுத்தப்பட்டது. சில மாதங்களில் கடும் எச்சரிக்கைகளோடு திரும்பியது.

அதே சிக்கலை அசிமினிப் வேறு வழியாக அணுகியது. இயல்பான ஏபிளின் நுனியில் மிரிஸ்டிக் அமிலத்தின் கொழுப்பு வால் ஒன்று உண்டு, அது ஏ.டி.பி. குழிக்கு வெகு தொலைவில் இன்னொரு பள்ளத்தில் செருகிக்கொண்டு புரதத்தை அடக்கி வைக்கும். பிசிஆருடன் ஒட்டும்போது அந்த வால் தொலைந்துபோகிறது, கடிவாளமும் தொலைகிறது. அசிமினிப் அந்தக் காலியான பள்ளத்தில் போய் உட்கார்ந்து கடிவாளத்தை மீட்கிறது. மற்ற கைனேஸ்களில் இப்படி ஒரு பள்ளம் மிக அரிது. 2021 அக்டோபரில் ஒப்புதல் கிடைத்தது.

இனி கணினி அசைவைப் பார்க்கும் விதம். புரதத்தையும் சுற்றியுள்ள நீரையும் அணு அணுவாக வைத்து, ஒவ்வொன்றின்மேலும் என்ன விசை என்று கணக்கிட்டு, அடுத்த கணம் எங்கே நகரும் என்று பார்ப்பதுதான் மூலக்கூறு சிமுலேஷன். ஒரு கணம் என்பது இங்கே நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கை எடுத்து, அதையும் பத்து லட்சமாகப் பிரித்தால் வரும் ஃபெம்டோ நொடி. அப்படி இரண்டிரண்டாக நகர்ந்து ஒரு மில்லி நொடியைக் கடக்க ஐம்பதாயிரம் கோடி முறை கணக்குப் போட வேண்டும். நியூயார்க்கில் டேவிட் ஷாவின் நிறுவனம் இதற்கென்றே ஆன்டன் என்ற கணினியைக் கட்டி, 2010இல் ஒரு சிறிய புரதத்தின் ஒரு மில்லி நொடி வாழ்வைக் காட்டியது. அடுத்த ஆண்டு அதே குழு சார்க்கையும் டாசாட்டினிப் மருந்தையும் நீரில் தனித்தனியாக விட்டு, எங்கே போக வேண்டும் என்று மருந்துக்கு எதுவும் சொல்லாமல் சிமுலேஷனை ஓட்டியது. மருந்து புரதத்தின்மேல் அங்கே ஒட்டி, இங்கே ஒட்டி, விலகி, அலைந்து, முடிவில் தானாகக் குழிக்குள் நுழைந்து, படிகப் படத்தில் இருக்கும் அதே கோலத்தில் அமர்ந்தது.

இந்த வழியில் பிறந்த மருந்து லிராஃபுக்ராட்டினிப். பித்தநாளப் புற்றுநோயின் ஒரு வகையில் எஃப்.ஜி.எஃப்.ஆர்.-2 என்ற கைனேஸ் முறுக்கேறியிருக்கும். பழைய மருந்துகள் அதன் உடன்பிறப்புகளையும் சேர்த்தே அடக்கின. முதலாவதை அடக்கினால் இரத்தத்தில் பாஸ்ஃபேட் ஏறும். நான்காவதை அடக்கினால் வயிற்றுப்போக்கு. அதனால் போதிய அளவு மருந்தைக் கொடுக்க முடியவில்லை. முதலாவதும் இரண்டாவதும் படிகப் படத்தில் இரட்டைப் பிள்ளைகள். நீண்ட சிமுலேஷனில்தான் குழியின்மேல் கவிந்திருக்கும் ஒரு வளையம் இரண்டிலும் ஒரே மாதிரி ஆடவில்லை என்று தெரிந்தது. அந்த ஆட்டத்தைக் குறிவைத்து மூலக்கூறைச் செதுக்கினார்கள். ஆய்வகச் சோதனையில் அது எஃப்.ஜி.எஃப்.ஆர்.-2ஐ முதலாவதைவிட 250 மடங்குக்கு மேலாகவும், நான்காவதைவிட 5000 மடங்குக்கு மேலாகவும் தேர்ந்து பிடித்தது.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, இனி மருந்து கொட்டும் என்ற பேச்சை இந்தப் பின்னணியில் எடைபோட வேண்டும். ஆல்ஃபாஃபோல்டு 2022க்குள் 20 கோடிக்கு மேற்பட்ட புரதங்களின் உருவத்தைக் கணித்துக் கொடுத்தது. 2024 வேதியியல் நோபலில் பாதி அதற்காக டெமிஸ் ஹசாபிஸுக்கும் ஜான் ஜம்பருக்கும், மறுபாதி புரத வடிவமைப்புக்காக டேவிட் பேக்கருக்கும் சென்றது. தகுதியான பரிசு. ஆனால் அந்த உருவங்கள் பெரும்பாலும் ஒரு புரதத்தின் ஒரு கோலம், பாஸ்போர்ட் படம் போல. கேராஸின் பள்ளம் போன்றவை அதில் எளிதில் தெரியாது. பிடிப்பின் ஆற்றலைக் கணக்கிடும் முறைகளும் நன்கு பழகிய புரதங்களில்கூட ஏறத்தாழ ஒரு கிலோகலோரி பிசகுகின்றன. அது ஐந்து மடங்குப் பிழை. கணினி எங்கே தேட வேண்டும் என்று சொல்லும், தேடலைச் சுருக்கும். தீர்ப்பு சோதனைக்குழாயிலும் எலியிலும், கடைசியில் நோயாளியின் இரத்தத்திலும்தான் கிடைக்கும்.

விலையையும் சொல்லாமல் விட முடியாது. மருந்து எவ்வளவு ஆள் அறிந்து பிடிக்கிறதோ அவ்வளவுக்கு அது பயன்படும் நோயாளிகளின் எண்ணிக்கை குறையும், ஒரு மாத்திரையின் விலை ஏறும். இமாட்டினிப்பின் பீட்டா படிக வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் 1998இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில். 2006இல் அங்கே நிராகரிக்கப்பட்ட விண்ணப்பம் சென்னை உயர் நீதிமன்றம், மேல்முறையீட்டு வாரியம் என்று போய், 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. அப்போது மாதம் சுமார் 1,20,000 ரூபாய் ஆன மருந்து, இந்திய நிறுவனங்களின் தயாரிப்பாக 8,000 முதல் 10,000 ரூபாய்க்குத் தொடர்ந்து கிடைக்க அந்தத் தீர்ப்பு வழி செய்தது. அடுத்து வரும் மருந்துகளுக்கும் இந்தக் கேள்வியை நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

வீட்டில் பிளஸ் டூ உயிரியலோ வேதியியலோ படிக்கும் பிள்ளை இருந்தால் ஒரு வேண்டுகோள். 1971இல் ஏழு புரதங்களோடு தொடங்கிய உலகப் புரதத் தரவு வங்கியில் இன்று இரண்டு லட்சத்துக்கு மேல் உருவங்கள் இருக்கின்றன. காசு இல்லை, கணக்குத் தொடங்கவும் வேண்டாம். இரண்டு உருவங்களை இறக்கி அருகருகே வைத்துச் சுழற்றிப் பாருங்கள். அங்கே அவற்றின் குறியீடுகள்: 1-ஐ-ஈ-பி, 2-ஓ-ஐ-க்யூ. முதலாவது ஏபிள், இரண்டாவது சார்க். இரண்டின் குழியிலும் இமாட்டினிப் ஒரே மாதிரி உட்கார்ந்திருக்கும். 3000 மடங்கு வேறுபாடு அந்தப் படங்களில் எங்கும் தெரியாது.